புனிதர்மேல் முள்

ஆயர் லியோந்தினுஸ் புனித செலெரினுஸுக்குத் தண்டனை விதித்த அன்று, புனிதரின் மனைவி எவந்தியா நிலவறைப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

முள் ஒரு கழுதையின் முதுகில் வந்தது. வேலியோரத்தில் புதிதாக வெட்டிய முள். இலை இன்னும் வாடவில்லை. கல்லறைக் காவல்காரன் உர்சோ கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அதை இறக்கினான். பின்னால் ஆயர், பெருநாளுக்கு அணிகிற அங்கியோடு. அவருக்குப் பின்னால் குருமார்கள், காலைக் கஞ்சி ஆறுகிறதே என்ற கவலை முகத்தில் தெரிய.

ஆயர் கல்லறையின் முன் நின்றார். சொன்ன பேச்சைக் கேட்காத வேலைக்காரனை அதட்டும் குரலில் ஆரம்பித்தார்.

"செலெரினுஸே, உம்ம திராட்சைத் தோட்டத்தை ஒரு திருடன் பறிச்சுக்கிட்டுப் போய் ரெண்டு அறுவடை ஆச்சு. நீர் பாட்டுக்குப் படுத்துக் கெடக்கீர். அது திரும்பி வர்றவரைக்கும் உமக்கு விளக்கு கெடையாது. பாட்டு கெடையாது. இந்தக் கதவு தெறக்காது."

பிறகு விளக்கை ஊதினார். நல்ல திரி, ஒரே ஊதலில் அணையவில்லை. மூன்றாவது ஊதலில் அணைந்தபோது ஆயருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. உர்சோ முள்ளைக் கல்லின்மேல் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை பரப்பினான். எல்லாரும் வெளியே வந்தார்கள். கதவு பூட்டப்பட்டது.

இதை ஊரில் யாரும் விநோதமாக நினைக்கவில்லை. லிகெர் ஆற்றின் இரு கரையிலும் அதுதான் நடைமுறை. புனிதர் என்றால் வேலை செய்ய வேண்டும். உழைக்காத மாட்டுக்குத் தீனி குறையும், உழைக்காத புனிதருக்கு எண்ணெய் குறையும்.

எவந்தியாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஆயராக இருந்தபோது, காலுறைக்குள் ஒரு வைக்கோல் துரும்பு கிடந்தால் பூசையை நிறுத்திவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டிய மனிதர் அவர். அவர்மேல் ஒரு கழுதைச் சுமை முள்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கல்லறையின் கால்மாட்டில் அவளுக்கென்று ஒரு முக்காலி உண்டு. சாயங்கால வழிபாடு முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, அவள் மெதுவாக இறங்கிப்போய் அதில் உட்காருவாள். செபம் எதுவும் சொல்ல மாட்டாள். கல்லில் முதுகைச் சாய்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். அவர் இறந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு உலகத்தில் அமைதியாக உட்கார அந்த ஒரு இடம்தான். அவளுக்குக் கொடுத்திருந்த அறையின் ஒரு பக்கம் குருமார்களின் அடுப்படி, மறுபக்கம் பன்றித் தொழுவம். எந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சில சமயம் அவளுக்கே பிடிபடாது.

அறையில் இருந்தால் ஆட்கள் வேறு வருவார்கள். "ஆயரம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல், அவர் உடுத்தினதுல ஒரு நூல் குடுங்க." நூல் கொடுத்தாள். அங்கி தீர்ந்தது. போர்வை தீர்ந்தது. தலையணை வைக்கோல் துரும்பு துரும்பாகப் போனது. அதுவும் தீர்ந்த பிறகு தன் தலையணையைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அதற்கும் காய்ச்சல் தணிந்தது.

கல்யாணமானவர்கள் ஆயராவது அந்தப் பக்கத்தில் சாதாரணம். ஆன நாளிலிருந்து மனைவி தங்கையாகிவிட வேண்டும். இவர்களும் படுக்கையைப் பிரித்துப் போட்டார்கள். நடுச்சுவர் மெல்லிசாக இருந்ததால் குறட்டையை மட்டும் பிரிக்க முடியவில்லை.

*

முள் போட்ட மறுநாள் திருத்தொண்டர் அமாந்தியுஸ் அவளைத் தேடி வந்தார். புனிதரின் வரலாற்றை எழுதும் பொறுப்பு அவருடையது. இளைஞர்; கன்னத்தில் மை ஒட்டியிருக்கும், அதைத் துடைக்கமாட்டார்.

"ஆயரம்மா, ஒரே ஒரு சந்தேகம். ஆயர் பதவிக்குக் கூப்பிட்டப்போ புனிதர் ஓடி ஒளிஞ்சாரில்லையா, அது குகையா, காடா?"

"ஒளியலப்பா."

"எல்லாப் புனிதரும் ஒளிஞ்சிருக்காங்களே."

"இவர் ஒளியல. வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தார். செய்தி வரத் தாமதமானதும் ரெண்டு தடவை ஆள விட்டு விசாரிச்சார்."

அமாந்தியுஸ் எழுதுகோலை மையில் தொட்டார். "குகைன்னே போட்டுக்கறேன். காடுன்னா எந்தக் காடுன்னு கேப்பாங்க. சரி, நாய்களை அடக்கின அற்புதம்?"

"நாய்னா அவருக்கு உயிர் போற பயம். நாயப் பாத்தா என்னை முன்னாடி நடக்கச் சொல்லுவார்."

"அவர் பின்னாடி வந்தார், நாய் கடிக்கல. அப்படித்தானே?"

"என்னைத்தானே கடிக்கணும் அது. கடிச்சிருக்கு. காட்டவா?"

"வேண்டாம், வேண்டாம். நாய் புனிதரைக் கடிக்கல. அது போதும்." எழுதிக்கொண்டார். "கன்னிமை காத்தவர்னு ஒரு அத்தியாயம் வெச்சிருக்கேன். உங்களை எங்க சேர்க்கறதுன்னுதான் தெரியல."

"என்னை விட்டுடுப்பா," என்றாள் எவந்தியா. "அந்தக் கதவை எப்பத் தெறப்பாங்க? அதச் சொல்லு."

"புனிதர் வேலையை முடிச்சதும்."

புனிதரின் வேலை மந்தமாகத்தான் நடந்தது. தோட்டத்தைப் பிடித்துக்கொண்ட லியூத்தார், ஆற்றுக்கு மேட்டில் பெரிய வீடு கட்டியிருந்த பிராங்குக் குதிரைவீரன். புனிதர் கோபித்துக்கொண்டால் கை முடங்கும், வாய் கோணும் என்று ஊர் காத்திருந்தது. லியூத்தாருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. உடம்பு இன்னும் கொஞ்சம் பெருத்தது. மனைவிக்கு இரட்டை ஆண் குழந்தை. ஆலங்கட்டி மழை வந்தது. திருடிய தோட்டத்தை விட்டுவிட்டு ஆயரின் கோதுமை வயலில் விழுந்தது. இது குறி தவறியதா, குறி பார்த்து விழுந்ததா என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். முள் போட்ட செய்தி கேட்டதும் லியூத்தார் தன் வீட்டுக் கூடத்தில் புனித செலெரினுஸுக்கு மெழுகுத்திரி ஏற்றிவைத்தான். "ஆயர் அவரைக் குத்தறார், நான் கும்புடறேன். புனிதருக்கு யார் வேண்டியவன்னு அவரே பாத்துக்கட்டும்," என்றானாம்.

இதற்குப் பிறகு ஆயரால் சும்மா இருக்க முடியவில்லை. புனிதரின் திருநாள் அன்று லியூத்தார் கல்லறையின்மேல் கைவைத்து, தோட்டம் என்னுடையது என்று சத்தியம் செய்ய வேண்டும் என ஆள் அனுப்பினார். வராவிட்டால் திருடன் என்று ஒத்துக்கொண்டதாகும். வந்தால் பொய்ச் சத்தியம். கல்லறையிலேயே சுருண்டு விழுவான். லியூத்தார் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். ஆயர் அதைக் கேட்டு இரண்டு கிண்ணம் கூடுதலாகக் குடித்ததாக அடுப்படியில் சொன்னார்கள்.

எவந்தியா ஆயரைப் பார்க்கப் போனாள்.

"ஆண்டவரே, சத்தியமெல்லாம் எதுக்கு? முள்ளை எடுத்துடுங்க. வயசான காலத்துல நான் போய் ஒக்கார்ற எடம் அது."

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா. அவன் விழுந்ததும் எடுத்துடலாம். அவன் செத்த உடம்போட சூடு ஆறறதுக்குள்ள நீங்க போய் ஒக்காரலாம்."

"விழலேன்னா?"

ஆயர் சிரித்தார். அந்தக் கேள்வியை அவர் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எவந்தியா திரும்பி நடந்தாள். அவன் விழமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

*

தோட்டம் லியூத்தாருடையதுதான். இது லியூத்தாருக்கே தெரியாது.

பழைய ஆயர் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம் அது. அடுத்த ஆயர் யார் என்று சொல்ல வேண்டியவன் அரசன். அரசன் வேட்டையில் யாருடைய பக்கத்தில் குதிரை ஓட்டுகிறான் என்று செலெரினுஸ் விசாரித்தார். லியூத்தாரின் அப்பன் அன்ஸோ பக்கத்தில். ஒரு பனிக்காலக் காலையில் செலெரினுஸ் அன்ஸோவைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். தரையிலிருந்து ஒரு மண்கட்டியைப் பெயர்த்து, திராட்சைக் கொடியில் ஒரு குச்சியை ஒடித்து, இரண்டையும் அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். அந்த நாட்டில் நிலத்தைக் கைமாற்ற அவ்வளவு போதும். "என் ஆயுசுவரைக்கும் இதுல வர்றதை நான் குடிச்சுக்கறேன். அப்புறம் உன்னுது," என்றார். எவந்தியா பக்கத்தில் நின்று அவருடைய சால்வையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்ஸோ மண்கட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொப்பிக்குள் போட்டுக்கொண்டான்.

செலெரினுஸ் ஆயரானார். அடுத்த வேனிலில் அன்ஸோ குதிரையிலிருந்து விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டான். தோட்டத்தைப் பற்றி வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. செலெரினுஸும் வாயைத் திறக்கவில்லை. ஆயுசு முழுக்கக் குடித்தார். அவர் போன பிறகு தோட்டம் பேராலயத்தோடு தானாக ஒட்டிக்கொண்டது. லியூத்தார் ஆளோடு போய் வேலியைப் பிடுங்கியபோது, எடுக்க வேண்டியவன்தான் எடுத்துக்கொண்டான், எடுத்த விதம் சரியில்லை என்று நினைத்து எவந்தியா பேசாமல் இருந்துவிட்டாள். பேசினால் என்ன ஆகும்? புனிதர் பதவியை விலைக்கு வாங்கினார் என்று ஆகும். விலைக்கு வாங்கியவரின் தலையணைத் துரும்பை யார் கேட்டு வருவார்கள் என்று அவள் நினைக்கவில்லை. அவர் பெயர் சந்தையில் அடிபடுமே என்றுதான் நினைத்தாள்.

திருநாளுக்கு முந்தின நாள் லியூத்தாரே அவள் அறைக்கு வந்தான். நிலைப்படி இடிக்காமல் குனிந்து நுழைந்து, ஒரு பன்றித்தொடையைக் கீழே வைத்தான்.

"ஆயரம்மா, ஒண்ணு கேக்கணும். கோவம் வந்தா அவர் என்ன பண்ணுவார்?"

"சாப்பிடாமப் படுத்துக்குவார்."

"இல்ல, ஆளை அடிச்சுக் கொல்ற மாதிரி..."

"ஒரு தடவை என்மேல ஒரு பூண்டை வீசினார். படல."

லியூத்தார் உட்கார்ந்தான். பெஞ்சு முனகியது. "எல்லாரும்தான் எடுக்கறாங்க. ஆயர் அடுத்த ஊர் ஆலையை எடுக்கல? நான் எடுத்தா மட்டும் சத்தியமாம். போகலேன்னா கோழைம்பாங்க, போனா செத்துருவேன். என் பொண்டாட்டி இப்பவே அழுதுக்கிட்டிருக்கா. ரெண்டு குழந்தையும் அதுங்க பங்குக்கு அழுவுது."

"அப்பன் மாதிரியே இருக்கடா நீ," என்றாள் எவந்தியா.

"அவர் இருந்தா இதெல்லாம் நடக்குமா?"

அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. இவனிடம் சொன்னால் இன்று சாயங்காலத்துக்குள் ஆற்றின் அக்கரைவரை போய்விடும். "போய் சத்தியம் பண்ணு. ஒண்ணும் ஆகாது," என்றாள்.

அவன் முகம் வெளுத்தது. புனிதரின் பெண்டாட்டி இவ்வளவு நிதானமாகச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று எண்ணிக்கொண்டான். பன்றித்தொடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாமா என்று ஒரு கணம் பார்த்தான். விட்டுவிட்டுப் போனான்.

*

திருநாள் அன்று அக்கரையிலிருந்து படகு படகாக வந்து இறங்கினார்கள். ஒரு மனிதன் செத்து விழுவதைப் பார்க்கக் கிடைக்கிற வாய்ப்பு வருஷத்துக்கு ஒருமுறைகூட வருவதில்லை. மெழுகுத்திரிக்காரர்கள் விலையை ஏற்றினார்கள். வெங்காயமும் பாலாடைக்கட்டியும் வைத்த ரொட்டி வாசலிலேயே விற்றது. நிலவறையில் இடம் போதாமல், படிகளிலும் மேலே ஆலயத்திலும் கூட்டம் நின்றது. கீழே நடப்பதை மேலே இருப்பவர்களுக்கு ஆள் மாற்றி ஆள் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

உர்சோ எவந்தியாவுக்காகத் தூணோரம் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருந்தான். "பாத்து நில்லுங்க ஆயரம்மா. விழும்போது இந்தப் பக்கமா விழுந்தாலும் விழுவான். ஆள் கனம்."

ஆயர் நீண்ட பிரசங்கம் செய்தார். பொய்ச் சத்தியம் செய்து வெடித்தவன், கருகியவன், நாக்கு தொங்கியவன் என்று அண்டை ஊர்ப் புனிதர்களின் சாதனைகளை எடுத்துச் சொன்னார். தம் ஊர்ப் புனிதரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லாததால் அந்தப் பகுதி சுருக்கமாக முடிந்தது.

லியூத்தார் முன்னே வந்தான். கூடச் சத்தியம் செய்ய வந்த அவன் நண்பர்கள் பின்னே வந்தார்கள். முள்ளைப் பார்த்ததும் அவர்களில் இரண்டு பேர் குதிரையைக் கட்டினோமா என்று பார்க்க மேலே ஏறிப் போனார்கள்.

"கையை வை," என்றார் ஆயர்.

"முள் இருக்கே."

"அது உனக்காகத்தான் இருக்கு."

லியூத்தார் உள்ளங்கையை முள்ளின்மேல் அழுத்தினான். ரத்தம் கல்லில் கோடாக இறங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னான்: "மேட்டுத் தோட்டம் என்னுது. எங்க அப்பன் வழி என்னுது. இது பொய்னா செலெரினுஸ் என்னை இங்கயே அடிச்சுப் போடட்டும்."

எல்லாரும் காத்திருந்தார்கள்.

லியூத்தார் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொன்றை. தன் கைகால்களைப் பார்த்துக்கொண்டான். படியிலிருந்து யாரோ கேட்டார்கள், "விழுந்துட்டானா?" "இல்ல, நிக்கறான்." "மூஞ்சி கோணிச்சா?" "அது முன்னாடியே அப்படித்தான்."

ஆயர், புனிதருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்போம் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு சங்கீதம் பாடச் சொன்னார். பிறகு இன்னொன்று. ரொட்டி வாங்கியவர்கள் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். லியூத்தார் ஏப்பம் விட்டான். ஒரு நொடி எல்லாரும் நிமிர்ந்தார்கள். அது ஏப்பம்தான்.

பின்னாலிருந்து ஒரு தோல்பதனிடுகிறவன் சொன்னான்: "எழுப்பிப் பாருங்க, தூங்கறார்போல."

சிரிப்பு படி ஏறி ஆலயம்வரை போனது. "இது வெறும் கல்லு, இதுக்கா எண்ணெய் ஊத்தினோம்?" "எங்க அம்மா இதோட தூசியைக் கரைச்சுக் குடிச்சா. அதான் செத்துப்போனா." முக்காடு போட்ட ஒரு பெண் கல்லின்மேல் துப்பினாள்.

ஆயரின் கழுத்து சிவந்தது. "அப்படியா செலெரினுஸ்? ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீர். நாளைக்கே இந்தக் கல்லைப் பெயர்த்து மதிலுக்கு வெளிய, பரதேசிகளைப் புதைக்கற எடத்துல போடுவோம். அங்க படுத்துத் தூங்கும். எவனும் எழுப்பமாட்டான்."

கூட்டம் அதற்கும் சிரித்தது. துப்பியது கல்லின் ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. எவந்தியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் தூணைவிட்டு நகர்ந்தாள். துடைத்தாள். நிமிர்ந்தபோது முழங்கால் வலித்தது. அந்த வலியோடு வாயும் திறந்துகொண்டது.

"அவர் தூங்கல," என்றாள். "அவன் சொன்னது நெசம். அவர் எப்படி அடிப்பார்?"

ஆயர் திரும்பினார். "என்னம்மா சொல்றீங்க?"

அவள் சொன்னாள். குரல் உயரவில்லை, சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னாள். பனி, மண்கட்டி, திராட்சைக் குச்சி, தொப்பி. அரசனின் வேட்டை. ஆயுசுவரைக்கும் குடிக்கிற ஏற்பாடு. "நான் பக்கத்துல நின்னேன். குடுத்தது அவர் கை. குடுத்ததைத் திருப்பி எடுன்னு இத்தனை நாளா அவர்மேல முள்ளைப் போட்டிருக்கீங்க."

மேலே செய்தி போவது நின்றது. படியில் இருந்தவர்கள் எதைச் சொல்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

பதவியை வாங்கினார் என்று முகம் சுளிக்க வேண்டியவர் ஆயர். சுளிக்கப் பார்த்தார். ஆனால் லியோந்தினுஸ் ஆயரான மாதத்தில் அவர் குடும்பத்து வெள்ளித்தட்டுகள் இரண்டு வண்டியில் அரசவைக்குப் போனதை அந்த ஊரில் பார்க்காதவர்கள் கிடையாது. வண்டி ஓட்டியவன் இப்போது மூன்றாம் படியில் ரொட்டி தின்றுகொண்டு நின்றான். ஆயர் அவனைப் பார்த்தார். அவன் மேற்கூரையைப் பார்த்தான்.

அமாந்தியுஸ்தான் காப்பாற்றினார். "ஆண்டவரே," என்றார் மெல்ல, "செத்த பிறகும் கொடுத்த வாக்கைக் காப்பாத்தியிருக்கார். முள்ளால குத்தியும் வாக்கு மாறல. இந்த மாதிரி நான் எந்தப் புனிதர்கிட்டயும் கேள்விப்பட்டதில்ல."

ஆயரின் முகம் மெதுவாக விரிந்தது. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார். மேலே செய்தி போனது. வாக்குத் தவறாத செலெரினுஸ் என்று யாரோ முழங்க, எண்ணெய் ஊற்றியதற்காக வருந்தியவர்களே முதலில் மண்டியிட்டார்கள்.

லியூத்தார் மட்டும் நின்றுகொண்டிருந்தான். கையிலிருந்து ரத்தம் சொட்டியது. "அப்ப நான் பொய் சொல்லலையா?"

"இல்லடா," என்றாள் எவந்தியா.

"ஆனா பொய்னு நெனச்சுத்தானே சொன்னேன். அது பாவத்துல சேருமா?"

பேசாமல் போயிருக்கலாம். பிராங்குகள் பிரச்சினையை முழுசாகத் தீர்த்துக்கொள்ள விரும்பும் ஜாதி. ஆயர் அவன் தோளில் கைவைத்தார். நாள் முழுக்க அவர் குரலில் இல்லாத கனிவு இப்போது வந்தது.

"சேரும் மகனே. நிச்சயமாச் சேரும். நாக்கு நெசம் சொல்லிச்சு, மனசு பொய் சொல்லிச்சு. மனசோட பாவத்துக்குப் பரிகாரம் பண்ணணும்."

"என்ன பரிகாரம்?"

"பாதித் தோட்டம்," என்றார் ஆயர். "ஆத்துப் பக்கத்துப் பாதி. வெயில் படற பாதி."

லியூத்தார் அப்பாடா என்று மூச்சு விட்டான். குனிந்து மண்ணைத் தேடினான். கல்தளத்தில் மண் இல்லை. உர்சோ மேலே ஓடிப்போய்த் தோட்டத்து மண் இல்லாவிட்டாலும் கொஞ்சம் மண் கொண்டுவந்தான். அது பன்றித் தொழுவத்து மண் என்று எவந்தியாவுக்கு வாசனையிலேயே தெரிந்தது. ஆயர் அதைப் பக்தியோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

முள்ளை எடுத்துப் போட யாரும் நினைக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு எவந்தியாவும் உர்சோவும் ஒவ்வொரு கிளையாகப் பிடித்து இழுத்தார்கள். விளக்கை ஏற்றினார்கள். கல்லில் முதுகைச் சாய்த்து அன்றைக்குச் சாயங்காலம் அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். "மன்னிச்சுக்கோங்க," என்றாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை. பிறகு தூங்கிப்போனாள். உர்சோ எழுப்பவில்லை.

அப்படி உட்கார்ந்தது அதுவே கடைசி.

மறுவாரமே அக்கரையிலிருந்து ஒரு வரப்புத் தகராறு வந்தது. அதற்கடுத்து ஒரு பசு. அதற்கடுத்து ஒரு கிணறு, ஒரு கல்யாண ஒப்பந்தம், பொதுச்சுவர் ஒன்று. கொடுத்த வாக்கை முள்ளுக்கும் மாற்றாத புனிதர் என்றால் சத்தியத்துக்கு வேறு யார் வேண்டும்? நான்கு நாள் நடையாக வந்தார்கள். அவர்களோடு அவர்களுக்காகச் சத்தியம் செய்பவர்களும், அவர்களுக்குச் சோறு சமைப்பவர்களும் வந்தார்கள். காலையில் திறந்த கதவை மூட நேரமில்லை. கால்மாட்டில் எதிராளிகள் நிற்க இடம் வேண்டியிருந்ததால் முக்காலியை எடுத்து மூலையில் வைத்தார்கள். பிறகு அதை யாரோ மெழுகுத்திரிக் கடைக்குக் கொண்டுபோனார்கள். உர்சோவால் கூட்டத்தைத் தள்ள முடியவில்லை என்று ஆயர் இரண்டு புதிய வாசல்காரர்களை வைத்தார். நல்ல தோள்பட்டையுள்ள ஆட்கள், வெளியூர்க்காரர்கள்.

அமாந்தியுஸின் வரலாறும் முடிந்தது. அவர் வந்து அந்த இடத்தை மட்டும் வாசித்துக் காட்டினார். 'கனவில் ஒளி கண்ட ஒரு வயோதிக விதவை' உண்மையைச் சொன்னதாக இருந்தது.

"யாருடைய விதவைன்னு போடலையே?"

"போட்டா, கன்னிமை அத்தியாயம் இடிக்குதும்மா."

"நான் கனவு ஒண்ணும் காணலியே."

"இனிமேல் காணலாமில்லையா," என்றார் அமாந்தியுஸ்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம், எவந்தியா பொறுக்க முடியாமல் வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு செம்மறிக்காரன். பின்னால் இரண்டு சகோதரர்கள், நுகத்தடி யாருடையது என்று வரிசையிலேயே அடித்துக்கொண்டு. ஒவ்வொரு படியாக இறங்கியது வரிசை. கீழிருந்து வெப்பமும் ஈரத்துணி நாற்றமும் மேலே வந்தன. எவந்தியா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மதிலுக்கு வெளியே இருக்கிற பரதேசிப் புதைகாடு அப்போது அவள் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு காட்டு ஆப்பிள் மரம் உண்டு. யாரும் போகமாட்டார்கள். அன்றைக்கு அவள் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருந்தால், மறுநாளே அவரை அங்கே கொண்டுபோய்ப் போட்டிருப்பார்கள். விளக்கு இருந்திருக்காது. பாட்டு இருந்திருக்காது. மரத்தடியில் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு, பகல் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவளையும் அங்கேயே பக்கத்தில் புதைத்திருப்பார்கள், எவனும் தடுத்திருக்கமாட்டான்.

செம்மறிக்காரன் சத்தியம் செய்துவிட்டு நகர்ந்தான். புதிய வாசல்காரன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"பாட்டி, சத்தியமா, மருந்தா?"

"ரெண்டுமில்லப்பா. கொஞ்சம் ஒக்காரணும்."

"ஒக்கார்றதுக்கெல்லாம் இங்க எடமில்ல. கல்லைத் தொட்டுக் கும்புட்டு அந்தப் பக்கமாப் போங்க. பின்னாடி ஆள் நிக்குது பாருங்க."

அவள் கையை வைத்தாள். எத்தனையோ உள்ளங்கைகளின் வியர்வையில் கல் வழுவழுவென்று ஆகியிருந்தது, இளஞ்சூடாகக்கூட இருந்தது. சகோதரர்களில் மூத்தவன் அவளுடைய தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, நுகத்தடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அவள் கையை எடுத்துக்கொண்டு, வாசல்காரன் காட்டிய பக்கமாகப் போனாள்.